கோர்ட்டுக் காய்

ஆவுடையப்பன் மட்டும் அன்றைக்குப் பரணில் ஏறி ஒளியாமல், நாலு பேரைப் போலக் கதவைத் திறந்து, கோர்ட்டு அமீனா நீட்டிய உத்தரவைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால், மேலப்பாறைக்குளத்தில் இந்த அநியாயம் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அவன் ஒளிந்தான். மீசை வைத்த மனுஷன், டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன், பழைய அண்டாவுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே குறுகிப் படுத்துக்கொண்டு, கீழே பெண்டாட்டியை விட்டு "அவுக ஊர்ல இல்ல" என்று சொல்லவைத்தான். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பரண் தூசியில் அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. அமீனா அண்ணாந்து பார்த்தார். "ஊர்ல இல்லாதவருக்கு ஜலதோஷம் போலிருக்கு" என்றார்.

கூட வந்திருந்த பூலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பரணில் கிடக்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வழக்குப் போட்டவள் அவள்.

என்ன பெரிய வழக்கு? அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவர் விட்டுப்போன எலுமிச்சைத் தோட்டத்தில் பாதி கேட்டாள், அவ்வளவுதான். கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே தாலியறுத்துத் திரும்பி வந்தவள், அப்பாவோடு சேர்ந்து பாறையை உடைத்துக் கிணறு வெட்டினவள், குடம் குடமாய்ச் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினவள், எலுமிச்சை முள் கிழித்த தழும்பு முழங்கை வரைக்கும் கிடக்கிறவள். அண்ணன் தோட்டத்துக்கு வந்ததெல்லாம் காய் பறிக்கிற அன்றைக்கு, அதுவும் செருப்பைக் கழற்றாமல். அவன்தான் சொன்னான், "பொட்டப்பிள்ளைக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. அதோட தீந்துது பங்கு" என்று. ஊரும் அதையே சொன்னது. டீக்கடை செல்லச்சாமி பாய்லருக்குப் பின்னாலிருந்து, "அண்ணன் மேலயே கேசு போடுதியே பூலம்மா, நாளைக்கு நீ செத்தா பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுவா?" என்று கேட்டான். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து விழவேண்டும், விழாவிட்டால் அவள் அநாதை. அதுதான் அங்கே வழக்கம். பூலம்மாள் டம்ளரை நங்கென்று வைத்தாள். "செத்த பொறவு என்னய வெறும் உடம்போட எரிச்சா எனக்குக் கூச்சமா இருக்கும்னா நெனைக்கிய? உசிரோட இருக்கையில கஞ்சிக்கு வழி சொல்லுங்கவே" என்றாள்.

அமீனா தும்மினவனோடு மல்லுக்கட்டவில்லை. பிரதிவாதி உத்தரவை வாங்காமல் டிமிக்கி கொடுத்தால், சொத்து இருக்கிற இடத்திலேயே அதைப் படித்துக் காட்டி ஒட்டிவிட்டு வரலாம் என்று முறை இருக்கிறது. உச்சி வெயிலில் பூலம்மாள் வழிகாட்ட, தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் போய் நின்று, கேட்பதற்கு ஒரு காக்கா குருவி இல்லாத இடத்தில், வந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துத் தொண்டை கிழியப் படித்தார்: வழக்குச் சொத்தாகிய இந்தத் தோட்டமும், இதிலுள்ள மரமும் காயும், கிணறும் மண்ணும், இதில் அடங்கிய சகலமும், மறு உத்தரவு வரும்வரை இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே இருக்கவேண்டும், மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. பிறகு பசையைத் தடவிச் சுவரில் ஒட்டினார். மரங்களைப் பார்த்து, "காதுல விழுந்துதா? மனுஷந்தான் கேக்க மாட்டேங்கான், நீங்களாவது கேளுங்க" என்றார்.

மரங்கள் கேட்டன. கிணறு கேட்டது. மண் கேட்டது. அது எப்படி மண்ணுக்குக் காது உண்டா என்று யாரும் கிளம்பவேண்டாம். காது வைத்த மனுஷன் பரணில் கிடந்தான், உத்தரவுக்கு யாராவது கீழ்ப்படியத்தானே வேண்டும்?

சாயங்காலம் பரணிலிருந்து இறங்கிய ஆவுடையப்பன், "காயிதம் என் கைக்கு வரல, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஊரெல்லாம் சொன்னான். மறுநாள் ரம்பமும் ஜேசிபியுமாய்ப் போய் இறங்கினான். வரப்போரம் நின்ற தேக்கை அறுத்தான், காய்களை மொட்டையாய்ப் பறித்தான், கிழக்கோரம் பள்ளம் தோண்டி லாரி லாரியாய்ச் செம்மண்ணை அனுப்பினான். தங்கச்சிக்குப் பாதி போவதற்குள் முழுசையும் சுரண்டிவிடவேண்டும் என்பது அவன் எண்ணம்.

பொழுது விடிந்தபோது தேக்கு நின்ற இடத்தில் நின்றது. பறித்த கொப்பிலெல்லாம் நேற்றைய காய் நேற்றைய பச்சையோடு தொங்கியது. பள்ளம் தூர்ந்து, அதன்மேல் முந்தாநாள் முளைத்திருந்த அருகம்புல் அப்படியே இருந்தது. ஆவுடையப்பன் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினான். சுடலைமாடனுக்குக் கிடா வெட்டினான், தோட்டப்பக்கமே கொஞ்ச நாள் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம்தான் மரக்கடைக்காரன் ஆள் அனுப்பினான், அண்ணாச்சி உங்க தேக்கு ரொம்ப நல்ல தேக்கு, இன்னொண்ணு கிடைக்குமா என்று. வெட்டிக் கொண்டுபோன மரம் மரக்கடையில் பத்திரமாய் இருந்தது. அதே மரம் வரப்பிலும் இருந்தது. ஆவுடையப்பன் கொஞ்சநேரம் வாயைப் பிளந்து நின்றான். பிறகு வாயை மூடிக்கொண்டு ரம்பத்தை எடுத்தான்.

அன்றிலிருந்து பிடித்தது ஊருக்கு யோகம். ஒரே தேக்கை அவன் நித்தமும் வெட்டினான், ஒரே காயை நித்தமும் பறித்தான், ஒரே மண்ணை நித்தமும் அள்ளினான், விடிந்தால் எல்லாம் கோர்ட்டு சொன்னபடி அதது அதனதன் இடத்தில் நின்றது. மேலத்தெருவில் புதிதாய் எழும்பிய வீடுகளின் வாசல்கதவு அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண்ணு, மாட்டுக்கண் அளவுக்கு, ஏனென்றால் அத்தனையும் ஒரே மரம். பழுக்காமல், அழுகாமல், ஒன்றுபோல் மற்றொன்றாய்ப் பச்சைப்பசேலென்று சந்தைக்கு வந்த எலுமிச்சைக்குக் கோர்ட்டுக் காய் என்று பெயரே விழுந்துவிட்டது. ஊறுகாய்க் கம்பெனிக்காரர்கள், "கோர்ட்டுக் காய் வந்துட்டா, கோர்ட்டுக் காய் வந்துட்டா" என்று விடியுமுன்னே கமிஷன்கடை வாசலில் வந்து நின்றார்கள். செம்மண்ணில் ரோடு வந்தது, பள்ளிக்கூடத்து மைதானம் மேடேறியது, அம்மன் கோயில் பிரகாரம் நிரவியது. ஐயோ, அந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே வக்கீல்மார் கார் நிறுத்துகிற இடம் மழைக்குச் சேறாகிறதென்று கொட்டினார்களே, அது எந்த மண் என்று நினைக்கிறீர்கள்? ஆத்தோடு போகிற தண்ணியை ஐயா குடி அம்மா குடி என்று ஊரே குடித்தது. லோடு ஏற்றுகிறவனுக்கு வேலை, லாரிக்காரனுக்கு வாடகை, செல்லச்சாமிக்கு இரண்டாவது பாய்லர்.

மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்துக்கு யாரோ முதலில் ஒரு பொட்டு வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசினார்கள், மாலை போட்டார்கள், பிள்ளையில்லாதவர்கள் சுற்றிவந்து கும்பிட்டார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மிதித்துக்கொண்டுதான் அதற்கே சூடம் காட்டினார்கள். பூலம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். "மானங்கெட்ட பயலுவ" என்றாள், சாமி கும்பிடுகிற இடமென்றும் பாராமல் காறித் துப்பினாள்.

அவளுடைய வக்கீல் எஸ்தர், நெடுநெடுவென்று உயரம், சிரிக்கத் தெரியாத முகம், ஆனால் நெஞ்சில் ஈரமுள்ள மனுஷி. அவர்தான் அவமதிப்பு மனுப் போட்டார். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. கமிஷனர் வருவதென்றால் இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துத்தான் வருவார். அன்றைக்கு மட்டும் ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் நின்று, இளநீர் வெட்டிக் கொடுத்தான். கமிஷனர் மரத்தை எண்ணினார், எல்லாம் இருந்தது. மண்ணை அளந்தார், எல்லாம் இருந்தது. பூலம்மாள் செல்போனில் எடுத்த லாரிப் படத்தைக் காட்டினால், "இது யாரு தோட்டமோ? நம்ம தோட்டத்துலதான் தேக்கு நிக்குதே!" என்றார் எதிர்வக்கீல். சாட்சி சொல்ல ஊரில் ஒரு நாய் வரவில்லை. சோற்றில் பூசணிக்காயை மறைப்பதென்றால்கூட நாலு பேர் பார்த்துவிடுவார்கள், இங்கே மறைக்கிறவர்களே நாலு பேரும். அப்போதிருந்த ஜட்ஜு மனுவைத் தள்ளுபடி செய்து, கோர்ட்டு நேரத்தை வீணாக்கக் கூடாதென்று அவளுக்கே புத்தியும் சொல்லி அனுப்பினார். கோர்ட்டை மதித்த ஒரே சொத்து அந்த மண்தான், அது மதித்த மதிப்பே அவமதிப்பு நடந்ததற்கு அடையாளமில்லாமல் அடித்துவிட்டது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

கோர்ட்டிலிருந்து இறங்கின கையோடு பூலம்மாள் தோட்டத்துக்குப் போய் லாரிக்கு முன்னால் படுத்தாள். "ஏத்துடா மேல" என்றாள். ஆவுடையப்பன் இறங்கி வந்தான். "எந்திரிட்டி." "மாட்டேன். எங்க அப்பன் பூமி." "உங்க அப்பனா? பங்கு கேக்க மட்டும் அப்பனா?" என்று கேட்டபடியே மண்வெட்டிக் காம்பை உருவி ஓங்கி அடித்தான். மறித்த இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகளும் அவள் கையால் கூழ் வாங்கிக் குடித்தவர்களும், தலையைத் திருப்பிக்கொண்டார்கள். லாரி அவளைச் சுற்றிக்கொண்டு போனது. எழுந்திருக்கமாட்டாமல் எலுமிச்சை மூட்டிலேயே கிடந்தவளுக்கு விடியக்காலையில் நினைவு வந்தபோது கை நேராக இருந்தது. வீக்கமில்லை, கன்றல் இல்லை, வலிகூட இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காயம் எங்கம்மா?" என்றார்.

அவள் நேரே தோட்டத்துக்கு வந்து மண்ணை எட்டி எட்டி உதைத்தாள். "நீயும் அவன் கட்சிதானா? உனக்கு நான் சுமந்து ஊத்துன தண்ணியெல்லாம் எங்க போச்சு, நன்றிகெட்ட மண்ணே!" கால் வலிக்கும்வரை உதைத்தாள். ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அமீனா படித்த நேரம் அங்கே அவளும்தானே நின்றாள், இரண்டு கையும் முழுசாக? இதில் அடங்கிய சகலமும் என்றாரே. அண்ணன் கணக்கில் சேர்க்காதவளை, ஊர் கணக்கில் சேர்க்காதவளை, இந்த மண் தன்னில் ஒருத்தியாய்ச் சேர்த்து வைத்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. உதைத்த இடத்தைக் கையால் தடவிக் கொடுத்தாள்.

அந்த உத்தரவை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தா வரைக்கும் நீட்டித்துக்கொண்டே போவார்கள். ஒருதடவை ஜட்ஜு லீவு, பொறுப்புக்கு வரவேண்டியவர் பஸ் கிடைக்காமல் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். பழைய கெடு முடிந்து, புது நீட்டிப்பு வராத அந்தக் கொஞ்சநேரத்தில் தோட்டம் முனகியது. தேக்கு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. கிழக்கோரம் மண் விரிந்து, அடியில் இருட்டுத் தெரிந்தது. கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பூலம்மாளின் இடது கைக்குள் பழைய இடத்தில் பழைய வலி சுருக்கென்று எட்டிப்பார்த்தது. நீட்டித்தாச்சு என்று சொன்னதும் இங்கே கை அடங்கியது, அங்கே மண் மூடியது.

ஊர் வெலவெலத்துப்போனது. அன்றிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா அம்மனுக்குப் பொங்கல் வைத்து, கேசு முடியாமல் இருக்கவேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள். ஆனால் பூலம்மாளுக்கு வெளிச்சமாகிவிட்டது. மண் எதையும் மறைக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை என்று சொன்னதால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அத்தனை வெட்டையும், அத்தனை தோண்டலையும், அவள் கைமேல் விழுந்த அடியையும்.

"தடையை எடுத்துருங்கம்மா" என்றாள் எஸ்தரிடம்.

"உங்களுக்குச் சாதகமான உத்தரவு. எடுத்தா தோட்டம் என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும். போகும். இப்ப மட்டும் எங்கிட்டயா இருக்கு?" இடது கையை நீட்டினாள். "இதுவும் போகும். பரவால்ல."

எஸ்தர் அந்தக் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடிபட்ட இடத்தை விரலால் தடவினார். பிறகு, "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லி வைக்கேன்" என்றார்.

சேதி பரவியதும் ஊர்ப் பெரிய மனுஷர்கள் தாம்பாளத்தில் பழம் வைத்துக்கொண்டு அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு வந்தார்கள். அதுவரை அவள் வாசலை மிதிக்காதவர்கள். "அம்மன் கொடையில மொத மரியாதை உனக்குத்தான் தாயி. கேசு பாட்டுக்குக் கேசு கெடக்கட்டும். நீயும் ஜெயிக்க வேண்டாம், அவனும் ஜெயிக்க வேண்டாம். ஊரு பொழச்சுக்கிடட்டும்" என்றார்கள். செல்லச்சாமி ஒரு பையை நீட்டினான். "அண்ணாச்சி கொடுத்துவிட்டாக. அன்னைக்கு டீக்கடையில நான் கேட்டதுக்கு நீ மனசு வருத்தப்படக் கூடாதுன்னு." உள்ளே சிவப்புக்கரை போட்ட புதுச்சேலை. கோடி! உயிரோடு இருக்கிறவளுக்கு, கை கால் ஆடிக்கொண்டிருக்கிறவளுக்கு, கோடியை முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தான் பாவி, அதைப் பாசமென்று நினைத்து. இப்படியொரு தப்பை அந்த ஊர்க்காரன் ஒருத்தனால்தான் செய்யமுடியும். பூலம்மாள் சேலையை வாங்கி விரித்துப் பார்த்தாள், முந்தானைப் பக்கம் பல்லால் கடித்து, அவர்கள் கண்ணெதிரே சர்ரென்று நீளமாய்க் கிழித்தாள். "நல்ல துணி. வேலைக்காகும். போயிட்டு வாங்க" என்றாள்.

வாய்தா அன்றைக்கு ஊரே வேன் பிடித்துக் கோர்ட்டுக்கு வந்தது. தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. பூலம்மாள் அந்தச் சேலைக் கிழிசலைக் கழுத்தில் தூளியாய்க் கட்டி, அதில் முழுசாய் இருந்த இடது கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். புதிதாய் மாற்றலாகி வந்திருந்த ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கையில என்னம்மா?"

"இன்னும் ஒண்ணுமில்லம்மா. வரும்."

கோர்ட்டே சிரித்தது. ஆவுடையப்பன் எழுந்து கைகட்டி நின்றான். அவன் வக்கீல் படித்தார்: கனம் கோர்ட்டார் உத்தரவை எங்கள் கட்சிக்காரர் தெய்வமாக மதித்து ஒரு இலையைக்கூடத் தொட்டதில்லை, ஆகவே அந்தத் தடையுத்தரவு என்றென்றும் நீடிக்க உத்தரவாக வேண்டும். ஜட்ஜம்மா குழம்பிப்போனார். "தடை யாருக்கு எதிரா வாங்கினதோ அவரு இருக்கணும்கிறாரு, வாங்கினவங்க வேண்டாம்கிறாங்க. ஏம்மா, யோசிச்சுத்தான் கேக்கிறீங்களா?"

"வருஷக்கணக்கா அதைத்தாம்மா யோசிச்சேன்."

"வாதியே கேட்டுக்கொண்டபடியால், முன்னர் பிறப்பித்த தடையுத்தரவு இத்துடன் விலக்கப்படுகிறது" என்று ஜட்ஜம்மா சொன்னார்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கோர்ட்டு முழுக்கக் கேட்டது. தூளிக்குள் பூலம்மாளின் கை துவண்டது. முழங்கைக்குக் கீழே, எல்லார் கண்ணுக்கும் முன்னால், மண்வெட்டிக் காம்பின் அகலத்துக்குக் கன்றிச் சிவந்து, நீலம் பாய்ந்து, வீங்கிக்கொண்டு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே விழாமல் நின்றாள். சிரித்த வாயெல்லாம் திறந்தபடியே நின்றுபோனது.

பிறகு செல்போன்கள் அடித்தன, ஒன்றல்ல, உள்ளே வெளியே வராந்தாவிலே வேனிலே எல்லார் மடியிலும் ஒரே நேரத்தில். ஊரில் விட்டுவந்த நோயாளிகளும் காவல்காரர்களும் கூப்பிட்டார்கள். செல்லச்சாமி போனைக் காதில் வைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "தோட்டம் எறங்கிட்டாம்" என்றான். நித்தமும் வெட்டப்பட்ட தேக்கு அத்தனை வெட்டும் ஒரே நேரத்தில் வாங்கித் தூளாய்ப் போயிருந்தது. நித்தமும் மொட்டையடிக்கப்பட்ட எலுமிச்சைகள் கரியாய்க் கருகியிருந்தன. நித்தமும் தோண்டின பள்ளம், எத்தனை நாள் தோண்டினார்களோ அத்தனை ஆழமும் சேர்ந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. போட்ட கல் விழுந்த சத்தம் வரவில்லை என்றார்கள்.

ஜட்ஜம்மா மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டார். அந்தக் கையைப் பார்த்தார். அந்த ஊர் முகங்களைப் பார்த்தார், ஒன்றாவது நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

"எல்லாம் போயிடுச்சேம்மா. இனி உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"பாதி" என்றாள் பூலம்மாள். வலியில் குரல் கிழிந்து வந்தது, ஆனாலும் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்டது. "பள்ளத்துல பாதி. அது எங்க அப்பன் பள்ளம், அதைப் பங்கு வச்சு எம் பேருல எழுதுங்க. மண்ணு என் கேசைச் சொல்லியாச்சு. முன்னால இருந்த ஜட்ஜு தள்ளுபடி பண்ணுன அந்த அவமதிப்பு மனுவை இப்ப எடுங்க."

ஜட்ஜம்மா திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மனுவை மறுபடியும் கோப்பில் எடுக்கச் சொன்னார். டவாலி வாசலில் நின்று, "ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்!" என்று கூப்பிட்டான்.

கூட்டத்துக்கு நடுவில் ஆவுடையப்பன் மெல்ல அண்ணாந்து பார்த்தான். கோர்ட்டில் பரண் இல்லை.